சிரசாசனம்: தலைக்கு முன்னதாக முன்கையைப் பழக்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வீட்டு வளவிலோ (உள்முற்றம்) முகப்பிலோ தலைகீழாக நிற்கும் இந்த யோகாசனத்துக்கு வகுப்பு எடுப்பவர்கள் முதலில் தரையைப் பாருங்கள். நடந்து நடந்து மெருகேறிய ஆத்தங்குடிக் கல்லில் (தரை ஓடு) ஜமுக்காளம் வழுக்கும், கூடவே முழங்கையும் வெளியே நழுவும். முழங்கை விரிந்தால் முன்கை தாங்கிய பாரம் கழுத்தில் இறங்கிவிடும். அதனால் கல்மேல் ரப்பர் மேட், அதன்மேல் நாலாக மடித்த போர்வை. தலையும் முன்கையும் ஒரே மடிப்பின்மேல் இருக்கட்டும். தூண்களுக்கு நடுவில் வேண்டாம், வெறும் சுவரோரம் போதும். கொண்டையையும் ஹேர்பின்னையும் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உச்சந்தலை சமமாகப் படியாது. சாப்பிட்டு 4 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

உயர் ரத்த அழுத்தம், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), விழித்திரைக் கோளாறு, கழுத்து எலும்புத் தேய்மானம், கர்ப்பம்: இவர்களுக்குச் சிரசாசனம் கிடையாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் இதில் இளகாதீர்கள்.

மற்றவர்களுக்கும் தலையைத் தரையில் வைப்பது கடைசிப் பாடம்தான். முன்கைகளை ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தலை தரையில் படாமல் நிற்கும் டால்பின் நிலையில் மூச்சு முட்டாமல் 1 நிமிடம் நிற்கட்டும். தோள் காதை நோக்கிச் சரிந்தால் இன்னும் சில வாரம் அதையே செய்யட்டும்.

பிறகு விரல்களைக் கோர்த்து, சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். வலக்கையால் இட முழங்கையையும் இடக்கையால் வல முழங்கையையும் பிடித்தால் வரும் அகலமே முழங்கைகளுக்கு அளவு. நெற்றிப்பக்கம் சாயாமல் உச்சந்தலை படிந்ததும், “தலையை ஒரு விரலளவு தூக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். தூக்க முடிந்தால் தோள் வேலை செய்கிறது. முடியாவிட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

பாதங்கள் முகத்தை நோக்கி நடந்துவர, இடுப்பு தோளுக்கு நேர்மேலே வரும். கால் தானாகவே இலேசாகும். அப்போது முழங்காலை மடித்து நெஞ்சருகே கொண்டுவந்தால் போதும். உதைத்து ஏறினால் காயம் வரலாம்: உதைத்த வேகத்தைக் கழுத்து வாங்குகிறது. உதைத்தால்தான் ஏற முடிகிறது என்றால் உடம்பு இன்னும் தயாராகவில்லை. முழங்கால் மடித்த நிலையில் 5 மூச்சு அசையாமல் நின்ற பிறகே காலை நீட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், கை இடுப்பருகே இருக்கட்டும். கணுக்காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தூக்கினால் மாணவர் தோளைத் தளர்த்திவிடுவார். சுவரை விட்டு விலகிப் பழகும் முன்பே விழவும் கற்றுக்கொடுங்கள்: விரல்களை விடு, மோவாயை நெஞ்சில் ஒட்டு, முதுகை வளைத்து உருளு.

தொடக்கத்தில் 10 மூச்சு போதும். இறங்கியதும் நெற்றியைத் தரையில் வைத்து அரை நிமிடம் இருக்க வேண்டும்; சட்டென எழுந்தால் தலை சுற்றும். கழுத்தில் வலியோ கையில் மரமரப்போ வந்தால் உடனே இறக்கிவிடுங்கள். மறுநாளும் மரமரப்பு இருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.