ஏழேகால் மணி வாட்: சிறு நீர்மின் சங்கங்கள் வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் முறை

நள்ளிரவில் ஒரு வீட்டுக்காரர் விளக்கை அணைத்தால் ஓடை நீர்மின் நிலையத்துக்கு ஒரு லாபமும் இல்லை. நீரைத் தேக்கிவைக்க அங்கே அணை கிடையாது. டர்பைன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வீடுகள் எடுக்காத மின்சாரத்தை, சுமையைச் சமன்செய்யும் கண்ட்ரோலர் கருவி, நீரைச் சூடாக்கும் டம்ப் ஹீட்டருக்குத் தள்ளிவிடும், அது வெந்நீராகி ஓடையில் போய்ச் சேரும். அதே வீடு மாலை ஏழேகாலுக்கு 40 வாட் குறைத்தால், அந்த 40 வாட்டில் இன்னொரு வீட்டின் எல்லா விளக்குகளும் எரியும். 'யூனிட்டைக் குறையுங்கள்' என்ற பொது அறிவுரையை அப்படியே எடுத்து நோட்டீஸ் அடிக்கும் சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். உங்கள் ஊரில் எண்ண வேண்டியது யூனிட்டை அல்ல, மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரையிலான வாட்டை.

இலங்கையில் 1997இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய திட்டமும் 2002இல் அதைத் தொடர்ந்த திட்டமும் இரத்தினபுரி, கேகாலை போன்ற மாவட்டங்களின் மலைக் கிராமங்களில் இப்படிப்பட்ட சிறு நிலையங்கள் எழக் கடன் கொடுத்தன. நடத்துவது அந்தந்த ஊர் மின் நுகர்வோர் சங்கம். இனி வரும் கணக்குக்கு 10 கிலோவாட் நிலையம், 60 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். கம்பி இழப்புக்குப் பத்து சதவீதம் போனால் வீட்டுக்கு 150 வாட்.

முதலில் அளவு

ஒரு வாரம், தினமும் மாலை 5.30 முதல் 10 மணி வரை, கால் மணிக்கு ஒரு முறை பவர் ஹவுஸில் இரண்டு எண்களைக் குறியுங்கள்: ஊருக்குப் போகும் வாட், டம்ப் ஹீட்டருக்குப் போகும் வாட். வாரத்தில் ஒரு ஞாயிறோ போயா தினமோ (பௌர்ணமி விடுமுறை) கட்டாயம் இருக்கட்டும், அன்றைக்குத்தான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். டம்ப் பூஜ்யத்தைத் தொடும் நேரம்தான் உங்கள் நெருக்கடி நேரம். அதே நேரத்தில் ஒருவர் கடைசிக் கம்பத்து வீட்டில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். 207க்குக் கீழே போனால் பிரச்சினை வீடுகளில் மட்டுமல்ல, கம்பியிலும் இருக்கிறது.

கம்பியைக் கவ்வி அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டரின் ஆம்பியரை வோல்டால் பெருக்கி வாட் என்று எழுதிவிடாதீர்கள். மலிவான 9 வாட் எல்.இ.டி. பல்பின் பவர் ஃபேக்டர் (அந்தப் பெருக்கலில் உண்மையான வாட்டின் பங்கு) 0.5 அளவில் இருக்கும். அந்தப் பெருக்கலில் அது 18 ஆகத் தெரியும். இண்டக்‌ஷன் வகை ஜெனரேட்டரோடு இணைக்கும் கெப்பாசிட்டர்களின் கரண்டும் சேர்ந்து வருவதால் குழப்பம் இன்னும் அதிகம். பவர் ஹவுஸுக்கு ஒரு நிலையான வாட் மீட்டர், வீடுகளுக்கு எடுத்துச் செல்ல பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இரண்டு: சங்கம் செலவழிக்க வேண்டிய முதல் பணம் இதற்குத்தான்.

வீட்டுக்குப் போவது எப்படி

பகலில் போகாதீர்கள். விளக்கு எரியும் நேரத்தில், சொல்லிவைத்துவிட்டு, இரண்டு பேர் போங்கள். ஒருவர் அந்த வீட்டாருக்கு வேண்டியவராக இருந்தால் நல்லது. சமையலறைக்குள் போக வேண்டியிருக்கும் என்பதால் பெண் உறுப்பினர் ஒருவர் இல்லாமல் போவது வீண். கட்டணம் வசூலிக்கிறவரை அழைத்துப் போகாதீர்கள், அயன் பாக்ஸ் அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒவ்வொரு கருவிக்கும் மூன்று விஷயம் எழுதினால் போதும்: மீட்டர் காட்டும் வாட், ஏழேகாலுக்கு அது ஓடுகிறதா, அதை நகர்த்த முடியுமா. லேபிளில் அச்சிட்ட வாட்டை நம்ப வேண்டாம். 40 வாட் டியூப் லைட் பழைய சோக்கோடு சேர்ந்து 50 வாட் எடுக்கும். டி.வி. இதற்கு நேர்மாறு, லேபிளில் உள்ளதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே எடுக்கும். பிக்சர் மோடை 'விவிட்'டிலிருந்து 'ஸ்டாண்டர்ட்'டுக்கு மாற்றினால் வாட் இறங்குவதை அந்த வீட்டுப் பிள்ளைகளையே மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நோட்டீஸும் அந்த வேலையைச் செய்யாது.

வழக்கமான ஒரு வீடு: 21 அங்குலப் பழைய டி.வி. 70 வாட், சோக் டியூப் 50, சி.எஃப்.எல். இரண்டு 28. மொத்தம் 148, ஒதுக்கீட்டின் விளிம்பு. இதில் ஃபேன் போட்டால் எல்லை தாண்டிவிடும். 32 அங்குல எல்.இ.டி. டி.வி. 40, எல்.இ.டி. டியூப் 18, ஏழு வாட் பல்ப் இரண்டு 14 என்று மாறினால் 72. அதற்கு மேல், குறைந்த வாட்டில் சுற்றும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 சேர்த்தாலும் 102தான். இருந்ததைவிட வசதி கூடி, 46 வாட் மிச்சம். 30 வீடுகள் இப்படி மாறினால் கிட்டத்தட்ட 1.4 கிலோவாட்.

கம்பியில் வரும் லாபம் தனி. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தொகுதிக்கு 2 கிலோவாட் போகிறது, போகவரக் கம்பியின் தடை 2.2 ஓம் என்றால் கரண்ட் 8.7 ஆம்பியர், வோல்டேஜ் 19 குறையும், 166 வாட் கம்பியிலேயே சூடாகப் போகும். அந்தத் தொகுதியின் சுமை 1.2 கிலோவாட்டாக இறங்கினால் இழப்பு 60 வாட். ஒரு வீட்டுக்கான மின்சாரம் சும்மா கிடைக்கிறது. ஆகவே மாற்றத்தை பவர் ஹவுஸுக்கு அருகிலிருந்து தொடங்காதீர்கள், கடைசிக் கம்பத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே போகும்போதே, முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளையும் பாருங்கள். அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கிய இடம் மழையில் அரித்துச் சூடாகும், இரு உலோகத்துக்கான கனெக்டரே போட வேண்டும்.

மொத்தமாக வாங்குதல்

இந்தியாவில் 2015இல் எல்.இ.டி. பல்பை மலிவாகக் கொடுக்கும் அரசின் உஜாலா திட்டம் வந்தபோது பல்பின் கொள்முதல் விலை 2014இன் 310 ரூபாயிலிருந்து இரண்டே ஆண்டில் 38க்கு இறங்கியது, கோடிக்கணக்கில் ஒரே கையாக வாங்கியதால். அறுபது வீட்டுச் சங்கத்துக்கு அந்த பலம் இல்லை. பக்கத்துச் சங்கங்கள் நான்கைந்து சேர்ந்தால் மொத்த வியாபாரியிடம் பேசலாம்.

விலையைவிடச் சோதனை முக்கியம். ஒவ்வொரு பிராண்டிலும் மூன்று பல்ப் வாங்கி, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் கருவி வைத்து 170 வோல்ட்டிலும் 250 வோல்ட்டிலும் சில மணி நேரம் எரியவிடுங்கள். மினுக்கினால், அல்லது அடிப்பகுதி கை வைக்க முடியாமல் சுட்டால் வேண்டாம். பவர் ஃபேக்டர் 0.9க்கு மேல் உள்ளதையே எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும். வரவேற்பறைக்கு 9 வாட், சமையலறைக்கு 7, கழிவறைக்கும் வாசலுக்கும் 3 முதல் 5. எல்லா இடத்துக்கும் 9 வாட் கொடுத்தால் பாதி பயன் போய்விடும். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிச் சங்கத்திலேயே வையுங்கள். பல்பின் கழுத்தில் அழியாத பேனாவால் கொடுத்த தேதியை எழுதினால் வாரண்டிச் சண்டை குறையும்.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. வோல்டேஜ் எல்லை மீறினால் மின்சாரத்தை அறுக்கும் கண்ட்ரோலரின் ஓவர் வோல்டேஜ் டிரிப் வேலை செய்கிறதா, எத்தனை வோல்ட்டில் அறுக்கிறது என்று பாருங்கள், 255 அருகில் அறுக்க வேண்டும். டம்ப் ஹீட்டரின் சூடாக்கும் கம்பிச்சுருள் ஒன்று எரிந்துபோயிருந்தால், ஊர் தூங்கப் போகும்போது சுமை இறங்கி வோல்டேஜ் எகிறும். ஒரே இரவில் ஊர் முழுக்கப் புது பல்ப் போய்விடும். அதற்கப்புறம் 'எல்.இ.டி. நமக்குச் சரிவராது' என்ற பேச்சை மாற்ற வருடக்கணக்காகும்.

பழையதைத் திருப்பி வாங்காமல் புதியதைக் கொடுக்கவே கூடாது. கழற்றிய குண்டு பல்ப் மாட்டுக் கொட்டிலுக்கோ மருமகள் வீட்டுக்கோ போய் அதே கம்பியில்தான் எரியும். சி.எஃப்.எல்.லிலும் டியூபிலும் பாதரசம் உண்டு, உடைக்காமல் அட்டைப்பெட்டியில் சேர்த்து ஒப்படையுங்கள்.

சூடாக்கும் கருவிகள்

அயன் பாக்ஸ் 1000 வாட், கெட்டில் 1500க்கு மேல், ரைஸ் குக்கர் 500 முதல் 700. ஏழேகாலுக்கு ஒரே ஒரு அயன் பாக்ஸ் போட்டால் மேலே சிக்கனமாக்கிய பத்து வீடுகளின் மின்சாரம் போச்சு. இவற்றைத் தடை செய்யும் தீர்மானங்கள் கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறும், வீட்டில் நிறைவேறாது. பகல் ஒன்பது முதல் மூன்று வரை டம்ப்பில் மின்சாரம் வீணாகக் கொதிக்கிறதே, அந்த நேரத்தைக் கொடுங்கள். தெருவாரியாகக் கிழமை பிரித்து அயன், மாவரைப்பு, ரைஸ் குக்கர் எல்லாம் பகலில் என்று பலகையில் எழுதுங்கள்.

ஃபிரிட்ஜ் தனிக் கதை. சாதாரண கம்ப்ரஸர் ஓடும்போது 100 வாட் அளவில்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் கிளம்ப முடியாமல் உறுமி உறுமி மோட்டார் கருகும். புதிதாக வாங்குவோர் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வாங்கட்டும். ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சங்கம் ஒரு டைமர் பிளக் கொடுத்து 6.30 முதல் 9.30 வரை அணைந்திருக்கச் செய்யலாம். கதவைத் திறக்காமல் வைத்தால் அந்த மூன்று மணி நேரம் குளிர் தாங்கும்.

எம்.சி.பி.யும் கட்டணமும்

வீட்டுக்கு ஒரே தொகை என்று வாங்கும் வரை மிச்சம்பிடிக்க யாருக்கும் காரணமில்லை. யூனிட் மீட்டர் வைப்பதும் இங்கே தவறான மருந்து, நள்ளிரவு யூனிட்டுக்கும் மாலை யூனிட்டுக்கும் அது ஒரே விலை போடும். இணைப்புகளை ஆம்பியர் படிகளாகப் பிரியுங்கள்: 0.5, 1, 2. படியைத் தாண்டினால் தானே விழுந்து மின்சாரத்தை அறுக்கும் சிறு சுவிட்ச்தான் எம்.சி.பி., வீட்டுக்கு ஒன்று. கீழ்ப்படிக்கு இறங்குபவரின் மாதக் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைய வேண்டும். ஐம்பது ரூபாய் வித்தியாசத்துக்கு யாரும் டி.வி. மாற்ற மாட்டார்கள்.

எம்.சி.பி.யைக் கறாரான காவலன் என்று நினைக்க வேண்டாம். 1 ஆம்பியர் எம்.சி.பி. 1.13 ஆம்பியர் வரை விழாமலே நிற்கும், 1.45இல்கூட விழ ஒரு மணி நேரம் வரை எடுக்கலாம். வெயில் படும் பெட்டியில் இருந்தால் சீக்கிரம் விழும், நிழலில் இருந்தால் தாமதமாகும். அதோடு அது பார்ப்பது ஆம்பியரை, வாட்டை அல்ல. கடைசிக் கம்பத்தில் 190 வோல்ட் வாங்குகிற வீட்டுக்கு அதே எம்.சி.பி. குறைவான வாட்டையே விடும். அந்த வீட்டார் புகார் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பெட்டி கம்பத்தில், சீல் வைத்து இருக்கட்டும்.

பணம்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மிட்வெஸ்ட் எனர்ஜி என்ற மின் கூட்டுறவு 2007 முதல் வீட்டுச் சீரமைப்புச் செலவைத் தானே போட்டு மாத பில்லில் திரும்ப வாங்குகிறது. தவணை ஆளோடு அல்ல, இணைப்போடு ஒட்டியிருக்கும். குடியிருப்பவர் மாறினால் அடுத்து வருபவர் தொடர்வார். இதைச் சிறு சங்கமும் செய்யலாம், ஃபேனுக்கும் எல்.இ.டி. டியூபுக்கும் பத்துப் பன்னிரண்டு மாதத் தவணை. விதி ஒன்றுதான்: படி இறங்கியதால் குறையும் கட்டணத்தைவிடத் தவணை குறைவாக இருக்க வேண்டும். முதல் தொகைக்கு, மிச்சமான வாட்டில் கொடுக்கும் புது இணைப்பின் கட்டணம் இருக்கிறது. இந்தக் கணக்கை டர்பைன் பராமரிப்புக் கணக்கோடு கலந்துவிடாதீர்கள். பேரிங் போகும் நாளில் கடன் நிதி காணாமல் போகும்.

மங்காத விளக்கின் சிக்கல்

குண்டு பல்ப் காலத்தில் சுமை ஏறினால் வெளிச்சம் மங்கும், ஊரே புரிந்துகொண்டு எதையாவது அணைக்கும். நல்ல டிரைவர் (பல்புக்குள் கரண்டைச் சீராக வைக்கும் சுற்று) உள்ள எல்.இ.டி. மங்காது. வோல்டேஜ் இறங்க இறங்க அது கூடுதல் கரண்ட் எடுத்து அதே வெளிச்சம் கொடுக்கும், திடீரென்று ஒட்டுமொத்தமாக நின்றுபோகும். ஆக, போன எச்சரிக்கைக்கு மாற்று வேண்டும். பூட்டானின் ருக்குப்ஜி கிராமத்தில் 40 கிலோவாட் நீர்மின் நிலையத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் ரைஸ் குக்கர் போடுவதால் வந்த சரிவைச் சமாளிக்க 2011இல் வீடுகளில் ஒரு கருவி வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தால் சமைக்கலாம், சிவப்பு எரிந்தால் பெரிய சுமைக்கு வரம்பு. அவ்வளவு முடியாவிட்டால் கடைத்தெருவில், வோல்டேஜைப் பார்த்துத் தானே சுவிட்ச் போடும் ஒரு வோல்டேஜ் ரிலேயும் சிவப்பு விளக்கும் போதும். வோல்டேஜ் 210க்கு இறங்கினால் விளக்கு எரியட்டும், 220க்கு ஏறினால் அணையட்டும். இரண்டுக்கும் இடைவெளி வைக்காவிட்டால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே ஒரு வார அளவை மறுபடி எடுங்கள். ஏழேகால் டம்ப் வாட் ஏறியிருந்தால்தான் வேலை நடந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் பழைய பல்புகள் திரும்பி வந்திருக்கும், அல்லது மிச்சத்தில் யாரோ அயன் போடுகிறார்கள். ஏறிய வாட் முழுவதையும் புது இணைப்பாக விற்றுவிடாதீர்கள். இந்த அளவை மழைக்காலத்தில் எடுத்திருந்தால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் ஓடை எவ்வளவு இறங்கும் என்று பார்த்து, அந்த மாதங்களின் வாட்டை வைத்தே எத்தனை வீடு என்று முடிவு செய்யுங்கள்.