இணையவழி விளம்பர எழுத்துப் பணிக்கு மென்பொருள் தேர்வு: டர்பன் தொடக்கநிலையாளர்களுக்கு ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலும் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதித் தரத் தொடங்குவோரில் பலர், முதல் வாடிக்கையாளர் கிடைப்பதற்கு முன்பே மாதச் சந்தா மென்பொருள்களைத் தேடிப் போகிறார்கள். அந்தச் சந்தாக்கள் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருப்பதால், நம் நாணயமான ராண்டின் மதிப்பு இறங்கும் மாதத்தில் கட்டணம் தானாகவே ஏறிவிடும். தொடக்கத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஏதுமில்லை என்பதே என் கருத்து. வேலையை முதலில் வரையறுத்துக்கொண்டால் கருவி எது என்பது தானே தெரியவரும்.

படி 1: வாசகம் எங்கே வெளியாகும் என்று எழுதி வையுங்கள்

ஒரு புடவைக் கடையின் தீபாவளித் தள்ளுபடியை எடுத்துக்கொள்வோம். அதே செய்தி குறுஞ்செய்தியாகவும், வாட்ஸ்அப் அறிவிப்பாகவும், கூகுள் தேடல் விளம்பரமாகவும் போகலாம். கூகுள் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்துகள், ஒரு விளக்க வரிக்கு 90 எழுத்துகள் என்று வரம்பு உண்டு. இந்த வரம்புகளை ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகே மென்பொருளைத் திறக்க வேண்டும்.

படி 2: எழுதும் இடம்

கூகுள் டாக்ஸ் போதும். ஒரு கூகுள் கணக்குக்கு 15 ஜிபி இடம் இலவசம். கடைக்காரர் சொல்லும் திருத்தங்களைப் பரிந்துரைகளாகப் பதிவு செய்யலாம். பழைய வடிவத்துக்குத் திரும்பவும் முடியும். நம் ஊரில் கவனிக்க வேண்டியது மின்வெட்டு. 2023இல் அது உச்சத்தில் இருந்தபோது, கையில் மடிக்கணினியும் அதில் மின்கல இருப்பும் இருந்தும், இணையம் போனதால் வேலை நின்றவர்கள் உண்டு. ஆகவே குரோம் உலாவியில் டாக்ஸின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி, தேவையான கோப்பு இணையமின்றித் திறக்கிறதா என்று ஒரு முறை வைஃபையை அணைத்துப் பாருங்கள். இணையமே வேண்டாம் என்போருக்கு லிப்ரே ஆபிஸ் என்ற எழுதும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 3: எழுத்து எண்ணிக்கையைச் சரிபாருங்கள்

தொடக்கநிலையாளர்கள் கவனிக்காமல் விடுவதும், கடைக்காரரின் பணத்தை நேரடியாகத் தொடுவதும் இந்தப் படிதான். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். ஆனால் அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் முழுச் செய்தியும் எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூனிகோடு முறைக்கு மாறி, வரம்பு 70 ஆகக் குறைந்துவிடும். அதைத் தாண்டினால் செய்தி பல பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியிலும் 67 எழுத்துகள் மட்டுமே அடங்கும்; ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டணம். 'தீபாவளி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி த, ீ, ப, ா, வ, ள, ி என்று ஏழாக எண்ணும். 150 எழுத்து ஆங்கிலச் செய்தியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு இந்தச் சொல்லைச் சேர்த்தால் மொத்தம் 158 ஆகும். ஒரு செய்திக்குரிய கட்டணம் மூன்று செய்திகளுக்குரியதாகிவிடும். இங்குள்ள வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் என்பதால், தமிழ் வாழ்த்தை வாட்ஸ்அப் படத்தில் வைத்துவிட்டுக் குறுஞ்செய்தியை ஆங்கிலத்திலேயே விடுவது நல்லது.

தமிழே இல்லாத செய்தியிலும் இந்தத் தொல்லை வரும். டாக்ஸ் தானாகவே இடும் வளைந்த மேற்கோள் குறியும் யூனிகோடு எழுத்துதான். டூல்ஸ் பட்டியலில் பிரிஃபரன்சஸைத் திறந்து, ஸ்மார்ட் கோட்ஸ் என்ற தேர்வை நீக்குங்கள். இறுதி வாசகத்தை விண்டோஸ் நோட்பேடில் ஒட்டி, மேற்கோள் குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்புக்கோ வலைத்தளத்துக்கோ தமிழில் எழுத நேர்ந்தால், யூனிகோடு விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோயில் அறிவிப்பை அப்படியே ஒட்டினால், வாசிப்பவருக்கு ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

படி 4: பிழை திருத்தம்

வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அத்தேர்வு இல்லாத கருவியில் பிரிட்டிஷ் ஆங்கிலம் போதும்.

படி 5: வாடிக்கையாளர் தேடும் சொல்

எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் நாட்டைத் தென்னாப்பிரிக்கா என்றும், மாகாணத்தைக் குவாசூலு-நட்டால் என்றும் குறுக்கி, புடவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இரு எழுத்துக்கூட்டல்களையும் ஒப்பிடுங்கள். அதிகம் தேடப்படுவது விளம்பரத் தலைப்புக்கு உரியது. இந்தக் கருவிக்குக் கட்டணம் கிடையாது.

படி 6: செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

சாட்ஜிபிடி போன்றவை பத்துத் தலைப்புகளை நொடியில் தரும். அவற்றில் ஒன்பதைத் தள்ளும் கண் உங்களுக்கு வேண்டும். கடைக்காரர் தரும் வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலையோ கைபேசி எண்களையோ அவற்றில் ஒட்டக் கூடாது. போப்பியா என்று இங்கு வழங்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ளது. அத்தகவல்களைக் கையாளும் பொறுப்பு கடைக்காரரோடு உங்களுக்கும் உண்டு.

படி 7: கட்டணக் கருவி

இலவசக் கருவியால் ஒரு குறிப்பிட்ட வேலை திரும்பத் திரும்பத் தடைப்பட்டால் மட்டும் சந்தாவை யோசியுங்கள். ஆண்டுத் திட்டம் மலிவாகத் தெரிந்தாலும் முதலில் மாதத் திட்டத்தையே எடுங்கள். பணம் கட்டும் முன் ஒரு மாதிரிக் கோப்பை அதிலிருந்து வேர்டு வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாவிட்டால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.