காஸி நீர்மூழ்கியின் முடிவை வகுப்பில் சொல்லும் முறை

டிசம்பர் 4 கடற்படை நாளன்று நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பள்ளிகளில் 1971 போரைப் பற்றிப் பேச முன்வரும் ஆசிரியர், முதலில் கரும்பலகையில் கிழக்குக் கடற்கரையை வரைந்து, கோடியக்கரையையும் சென்னையையும் விசாகப்பட்டினத்தையும் குறித்துவிட வேண்டும். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி, அந்த நவம்பரில் கராச்சியிலிருந்து புறப்பட்ட பாகிஸ்தானின் காஸி, இலங்கையைச் சுற்றி நம் வங்கக் கடலுக்குள் வந்தது என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும்.

அடுத்து, டீசல் நீர்மூழ்கி இயங்கும் விதத்தை நிதானமாக விளக்குங்கள். நீருக்கடியில் அது மின்கலத்தால் ஓடுகிறது. டீசல் எந்திரத்துக்குக் காற்று வேண்டுமாதலால், மின்கலத்தை நிரப்ப அது மேற்பரப்பை ஒட்டி வந்தே ஆக வேண்டும். கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

முடிவைச் சொல்லும்போது மிகுந்த கவனம் தேவை. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் என்னும் நம் போர்க்கப்பல் வீசிய ஆழ்கடல் குண்டுகளே காரணம் என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. தான் விதைத்த கண்ணிவெடியே அதை அழித்தது என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. இரண்டையும் சொல்லுங்கள், ஒன்றை மறைக்காதீர்கள்.

அதிலிருந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இதைச் சொன்னபின், ஐந்து நாள் கழித்து அரபிக்கடலில் மூழ்கடிக்கப்பட்ட நம் குக்ரி கப்பலையும், அதில் மாண்ட 194 பேரையும் சொல்லிச் சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள். சுனாமியில் உறவினரை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கக்கூடும்.