வெங்காயத் தாளில் வெள்ளிக் கீறலா? இலைப்பேனை விரட்டும் வழி

சிங்கப்பூர் தேக்காச் சந்தையில் வாங்கும் சின்ன வெங்காயத்தில் முளைவிட்டவற்றைத் தொட்டியில் ஊன்றினால் போதும், சில வாரங்களிலேயே தாள் அறுக்கலாம். வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துக்கு இதைவிட எளிதான செடி இல்லை என்பேன். ஆனால் பச்சையாக நின்ற தாளில் திடீரென்று வெள்ளி நிறக் கீறல்கள் ஓடும், நுனி காயும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பலரும் இன்னும் ஊற்றுவார்கள். பெரும்பாலும் அது இலைப்பேன் என்ற, சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியின் வேலை.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இலைப்பேன் தாளின் மேலே உட்கார்ந்திருக்காது. உள்தாள்கள் பிரியும் கழுத்து இடுக்கில்தான் கூட்டமாக ஒளிந்திருக்கும். அந்த இடத்தை விரலால் மெல்ல விரித்து, கீழே வெள்ளைக் காகிதம் பிடித்துத் தட்டுங்கள். வெளிர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் ஏதாவது ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம். கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் நன்றாகத் தெரியும். கீறல்களின் மேல் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் அதன் எச்சம்.

அடுத்து, தண்ணீர் அடியுங்கள். வெளியே நிற்கும் செடியில் மழையே பாதிப் பேனைக் கழுவிவிடும். தாழ்வாரத்துச் செடிக்கு அந்த மழை கிடைப்பதில்லை. அதனால்தான் அங்கே பேன் இவ்வளவு பெருகுகிறது, மழை குறையும் பிப்ரவரியில் கேட்கவே வேண்டாம். தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று, தாள்களை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கழுத்து இடுக்கில் படும்படி குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். பாதிப்பு லேசாக இருந்தால் இதுவே போதும்.

அடங்கவில்லையா? சரி, வேப்பெண்ணெய். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெயில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டு முதலில் நன்றாகக் குழைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு உண்டு, வெறும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். சோப்புதான் மருந்தைத் தாளில் படரவைக்கிறது. ஒரு தாளில் மட்டும் தெளித்து மறுநாள் பாருங்கள். கருகவில்லை என்றால் வெயில் இறங்கிய பிறகு எல்லாத் தாளிலும், முக்கியமாகக் கழுத்திலும் தெளியுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுத் துணி காய்கிற நேரத்தில் தெளிக்காதீர்கள், அந்த வாடை லேசில் போகாது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரே தடவை தெளித்து, பேன் குறைந்ததும் விட்டுவிடுகிறார்கள். முட்டைகள் தாளின் சதைக்குள் பத்திரமாக இருக்கின்றன, கூட்டுப்புழுப் பருவத்தில் இருப்பவை பெரும்பாலும் மண்ணுக்குள் கிடக்கின்றன. இரண்டையும் மருந்து தொடாது. நம் ஊர்ச் சூட்டில் முட்டை முழுப்பூச்சியாக ஏறக்குறைய இரண்டு வாரம்தான். ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறையாவது தெளியுங்கள். கூடவே, தாள் உயரத்தில் நீல நிற ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிட்டால் பறக்கும் பேன்கள் அதில் ஒட்டும், எண்ணிக்கை குறைகிறதா என்பதும் தெரியும். தழைச்சத்து உரத்தை அதுவரை நிறுத்திவையுங்கள், கொழுத்த இளந்தாளில்தான் பேன் அதிகம் பெருகும். தெளித்த பிறகு சில நாள் தாள் அறுக்க வேண்டாம், அறுத்தாலும் நன்றாகக் கழுவுங்கள்.

தாளில் கண்ணாடி போன்ற திட்டு தெரிந்தால் அது வேறு. பச்சைப்புழு உள்ளே புகுந்து, மேல்தோலை மட்டும் விட்டுவிட்டுத் தின்கிறது. தாளைக் கீறிப் பார்த்தால் புழு உள்ளேயே இருக்கும். அந்தத் தாளை அடியோடு வெட்டிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள், மருந்து தேவையில்லை. மண்மேல் பறக்கும் குட்டிக் கறுப்பு ஈக்களுக்கு மேல்மண்ணைக் காயவிட்டு நீர் ஊற்றினாலே போதும். தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரையும் அப்போதே கொட்டிவிடுங்கள், டெங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும்.

முற்றிலும் பாழான செடியைப் பிடுங்கிவிடுவதே நல்லது. அந்த மண்ணைச் சில நாள் வெயிலில் பரப்பிக் காயவைத்த பிறகு புது வெங்காயம் ஊன்றுங்கள்.