தறியின் நடைக்கு வீணையைப் பொருத்திய அனுபவம்

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக் குழித்தறியின் ஓசையை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிவு செய்து வந்து, அதன்மேல் வீணையை அமைக்க முயன்றபோது, இரண்டும் பத்து விநாடிகூடச் சேர்ந்து நடக்கவில்லை. கணினியின் சீரான தாளக் கட்டங்களுக்குள் தறியை இழுத்துப் பொருத்தினேன். குறுக்கிழையான ஊடையைச் சுமந்து நாடா பாயும் சரசரப்பு நீண்டு மங்கியது, அந்த இழையை நெருக்க அச்சுப்பலகை அடிக்கும் 'டக்' என்னும் கூர்மையோ ஈரத்துணியைத் தட்டியதுபோல் மழுங்கிப்போனது.

பிழை தறியில் இல்லை என்பதைப் பிறகே உணர்ந்தேன். இழை அறுந்தால் முடிச்சிட நிற்பதும், ஊடை தீர்ந்தால் அது சுற்றப்பட்ட சிறு குழலான தாரை மாற்றிவிட்டு மெல்லத் தொடங்கி வேகம் பிடிப்பதும் அந்த நெசவாளரின் நடை. நான் அழித்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஆகவே பதிவைத் தொடாமல், ஒவ்வோர் அடியிலும் ஒரு குறியிட்டு, மென்பொருளில் தாள வேகத்தைக் குறிக்கும் கோட்டினை அக்குறிகளின்படி வளையவிட்டேன். வீணையையும் தறியோசையைக் காதில் கேட்டபடியே புதிதாக வாசித்துப் பதிந்தேன். தார் மாற்றும் இடைவெளிகளில் ஒரே சுரத்தை அது தானாக அடங்கும்வரை ஒலிக்கவிட்டேன்.

பதிவில் கலந்திருந்த மின்சார ரீங்காரத்துக்கு 50, 100, 150 ஹெர்ட்ஸில் மிகக் குறுகிய அதிர்வெண் பகுதியை மட்டும் வெட்டும் வடிகட்டிகள் போதுமாயின. அவற்றை அகலமாக்கினால் பலகையின் அடிநாதமும் சேர்ந்து போய்விடும்.