எஸ்விஜி என்று சேமித்தால் வெக்டார் ஆகிவிடாது

புதிதாக இணைய வடிவமைப்பு கற்க வருபவர்களின் கோப்புகளைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அத்தனையும் நான் செய்து தீர்த்த தவறுகள். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கும் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன். பிட்மேப் என்பது பிக்சல்களின் நிறப் பட்டியல், வெக்டார் என்பது கோடுகளையும் வளைவுகளையும் எப்படி வரைவது என்ற குறிப்பு. பிஎன்ஜி, ஜேபெக் எல்லாம் பிட்மேப் கோப்பு வகைகள், எஸ்விஜி வெக்டாருக்கான கோப்பு வகை. இது தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள் சில இருக்கின்றன.

எஸ்விஜிக்குள் ஒளிந்திருக்கும் பிட்மேப்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு வாடிக்கையாளர் தம் லோகோவை எஸ்விஜியாகக் கேட்டார். என் கையில் இருந்தது 200 பிக்சல் அகலமும் 200 பிக்சல் உயரமும் கொண்ட பிஎன்ஜி மட்டும். வெக்டார் மென்பொருளில் அதை இறக்கி, எஸ்விஜியாகச் சேமித்தேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வேலை முடிந்தது என்று அனுப்பியும்விட்டேன். பக்கத்தின் மேல் மூலையில் சிறிதாக இருந்தவரை யார் கண்ணிலும் படவில்லை. அதையே பெரிய திரையில் காட்டிய நாளில், எழுத்தின் ஓரமெல்லாம் நனைந்த காகிதத்தில் பரவிய மை போல நின்றது.

எஸ்விஜி ஓர் உரைக் கோப்பு. வடிவங்களோடு பிட்மேப் படத்தையும் உள்ளே வைத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. மென்பொருள் என் பிஎன்ஜியை, படத் தரவை எழுத்துகளாக எழுதும் பேஸ்64 முறையில் மாற்றி அப்படியே உள்ளே திணித்திருந்தது. அந்த மாற்றத்தில் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆக, கூர்மை வரவில்லை, எடைதான் ஏறியது. கணக்கும் எளிது: 200க்கு 200 என்றால் 40,000 பிக்சல். அகலம், உயரம் இரண்டையும் 800 ஆக்கினால் 6,40,000 வேண்டும். 16 பிக்சலில் 15 கணினியின் ஊகம்.

இரண்டு நாள் உட்கார்ந்து பேனாக் கருவியால் மறுபடி வரைந்தேன். கூடுதல் கட்டணம் கேட்க முகம் இல்லை.

இப்போது யார் எஸ்விஜி கொடுத்தாலும் முதலில் நோட்பேடில் திறக்கிறேன். ‘பாத்’ என்ற குறிச்சொல்லும் எண்களும் தெரிந்தால் நிம்மதி. ‘இமேஜ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் முடிவே இல்லாமல் எழுத்துக்கூளம் ஓடினால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒளிப்படத்தை ‘டிரேஸ்’ செய்வது

பிட்மேப்பை மென்பொருளே வெக்டார் வடிவங்களாக மாற்றித் தருவதுதான் டிரேஸ். இரண்டு மூன்று நிறம் மட்டும் உள்ள தட்டையான சின்னத்துக்கு இது உதவும். அப்போதும் வளைவுகளைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். முகத்தையோ நிலக்காட்சியையோ கொடுத்தால் ஆயிரக்கணக்கான நிறத் திட்டுகள்தான் கிடைக்கும். கோப்பு பெரும்பாலும் மூல ஜேபெக்கைவிடப் பெரிதாகிவிடும். உலாவி ஒவ்வொரு திட்டாக வரைந்து திணறும். ஒளிப்படம் பிட்மேப்பாகவே இருக்கட்டும்.

72 டிபிஐ

டிபிஐ என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண். இணையத்துக்கு அது 72 இருக்க வேண்டும் என்று சொல்வார்கள், ஆனால் உலாவி அதைச் சீண்டுவதே இல்லை. பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள்.

மூலக் கோப்பின் மேலேயே ஏற்றுமதி செய்வது

அடோபியின் ஃபயர்வொர்க்ஸ் என்ற பட மென்பொருளைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வலி தெரியும். அதன் மூலக் கோப்பும் பிஎன்ஜி, ஏற்றுமதியாகும் கோப்பும் பிஎன்ஜி. முதலாவதில் வெக்டார், பிட்மேப் லேயர்கள், அதாவது தனித்தனி அடுக்குகள், எல்லாம் உயிரோடு இருக்கும். இரண்டாவது ஒரே தட்டைப் படம். ஒரே பெயரில் எழுதி எத்தனை முறை மூலத்தை இழந்திருக்கிறேன்! 2013இல் அடோபி அந்த மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. வேறு மென்பொருளிலும் லேயர்களை ஒன்றாக்கிச் சேமித்துவிட்டு மூலத்தைத் தேடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

லோகோவை ஜேபெக்கில் வைப்பது

வேண்டாம். ஓரங்களில் அழுக்குப் படியும், பின்னணி ஊடுருவித் தெரியாது.

எழுத்தை எழுத்தாகவே விட்டுவிடுவது

லோகோவில் உள்ள எழுத்துரு உங்கள் கணினியில் இருக்கும், பார்ப்பவரிடம் இருக்காது. எஸ்விஜியை, படம் வைப்பதற்கான ‘ஐஎம்ஜி’ குறிச்சொல்லால் இணையப் பக்கத்தில் வைத்தால், பக்கத்துக்கென ஏற்றிய எழுத்துருவும் அதற்குள் எட்டாது. எழுத்துகளை வெளிக்கோடாக, அதாவது வெறும் வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிப்பது எப்போதும் அதற்குப் பிறகுதான்.