நொதித் தடுப்பு மாத்திரையும் எலும்பு மஜ்ஜையும்: ரத்த அறிக்கையைப் படிக்கும் முறை

நிணநீர்ப் புற்றுநோய்க்கு இப்ருடினிப் போன்ற மாத்திரையை வீட்டிலிருந்தபடியே உட்கொண்டு, பெங்களூரிலோ சேலத்திலோ உள்ள புற்றுநோய் மருத்துவரிடம் சென்றுவரும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நோயாளிகள், உள்ளூர் ஆய்வகம் தரும் ரத்த அறிக்கையைத் தாமே ஓரளவு படிக்கக் கற்பது மிகவும் நல்லது.

பி.டி.கே. என்னும் நொதி, வெள்ளையணுக்களில் ஒருவகையான பி-அணுக்களுக்கு வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்துகிறது. அதை மாத்திரை தடுக்கும்போது புற்றணுக்கள் மடிகின்றன. ஆனால் மஜ்ஜையின் இயல்பான அணு உற்பத்தியும் சிலருக்குக் குறைகிறது. நோயே மஜ்ஜையில் பரவியிருந்தவர்களுக்கு, மருந்து பலனளிக்க அளிக்க அணுக்கள் கூடுவதும் உண்டு.

முதலில், கிருமித் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோபிலைப் பாருங்கள். சிவப்பணு ஏறத்தாழ 120 நாளும், ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) 8 முதல் 10 நாளும் வாழ, ரத்தத்தில் நியூட்ரோபிலின் ஆயுள் சுமார் ஒரு நாளே என்பதால், மஜ்ஜை தளர்ந்தால் அதுவே முதலில் குறையும். மொத்த வெள்ளையணுவை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும்: 3,000 அணுக்களில் 40 சதவீதம் என்றால் 1,200. இது 1,000-க்குக் கீழே வந்தால் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவானாலும் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, உட்கொள்ளும் மாத்திரையின் பெயரை முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக் காய்ச்சலை அமுக்குவது பேராபத்து. அதிலுள்ள வலிநிவாரணி ரத்தக்கசிவையும் கூட்டலாம்.

குடும்பத்தினர் பெரிதும் கலங்குவது, பி-அணுக்களை உள்ளடக்கிய வெள்ளையணு வகையான லிம்போசைட்டின் எண்ணிக்கை ஏறும்போதுதான். தொடக்க வாரங்களில், நெறிக்கட்டிகளுக்குள் தங்கியிருந்த புற்றணுக்கள் மருந்தால் பிடிப்பிழந்து ரத்தத்துக்கு வருவதால் இவ்வாறு நேரலாம். கட்டிகள் சுருங்கிக்கொண்டிருக்கையில் இந்த ஏற்றம் மட்டுமே நோய் முற்றியதற்கு அடையாளமன்று. ஆயினும் அதை மருத்துவரே உறுதிசெய்ய வேண்டும்.

தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தாலும் நிம்மதியடைந்துவிட வேண்டாம். இம்மருந்து தட்டணுக்களின் செயலையும் மட்டுப்படுத்துவதால், எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே ஈறு கசியலாம், தோலில் நீலத்தழும்பு தோன்றலாம். பல் பிடுங்குவதற்கு முன்பும் பின்பும் மாத்திரையைச் சில நாள் நிறுத்த நேரும். எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். பம்பளிமாஸ் பழம் மருந்தின் அளவை ரத்தத்தில் உயர்த்தக்கூடும் என்பதால் அதைத் தவிருங்கள்.

அறிக்கைகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து, மாத்திரை தவறிய நாட்களையும் அதிலேயே குறித்து எடுத்துச் செல்லுங்கள். எண்கள் குறைந்ததைக் கண்டு நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.